பழைய துப்பாக்கியும் புதிய நீலமும்

கோணி தைக்கும் பெரிய ஊசி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். காதுள்ள முனையை இடுக்கியால் பிடித்துக் கொண்டு, கூர்முனையைச் சாராய விளக்கின் சுடரில் காட்டுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சிறிது நேரம் கழித்து வெளியே எடுத்து ஆற வைத்துப் பார்த்தால், வெள்ளையாக இருந்த ஊசியில் வானவில்லின் துண்டு ஒன்று ஒட்டிக் கொண்டிருப்பது போலத் தோன்றும். சூடு குறைவாக ஏறிய பக்கத்தில் வைக்கோல் மஞ்சள். அதையடுத்துப் பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், அதன் பின் அழகான நீலம். சுடருக்கு மிக அருகில் இருந்த நுனி மங்கிய சாம்பல் நிறமாகியிருக்கும்.

நம்மூர்க் கொல்லர்களுக்கு இது புதிய செய்தி அன்று. உளிக்குப் பதம் வைக்கும்போது, எந்த நிறம் வந்ததும் தண்ணீரில் தோய்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஏறக்குறைய 220 டிகிரி செல்சியசில் மஞ்சளும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமும் தோன்றும். வெப்பமானி இல்லாத காலத்தில் இந்த நிறங்களே வெப்பமானியாக இருந்தன.

ஊசியில் எந்தச் சாயமும் பூசவில்லையே, நிறம் எங்கிருந்து வந்தது? சூடான எஃகின் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மிக மெல்லிய ஆக்சைடுப் படலமாகிறது. அதன் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். உங்கள் தலைமயிர் ஒன்று இதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் தடித்தது! இந்தப் படலத்தின் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி படலத்தின் மேற்பரப்பிலேயே திரும்பி விடுகிறது. இன்னொரு பகுதி உள்ளே சென்று, அடியிலுள்ள எஃகில் பட்டுத் திரும்புகிறது. பின்னால் வரும் அலை கூடுதல் தூரம் சென்று வந்ததல்லவா? அந்தக் கூடுதல் தூரம் ஓர் ஒளியின் அலைநீளத்தில் பாதியாக அமைந்தால், இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனால் இதைக் குறுக்கீட்டு விளைவு என்று விரிவாகப் படிப்பீர்கள்.

இப்போதே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படலத்தின் தடிமன் 46 நானோமீட்டர், அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.4 என்று கொள்வோம். போய்வரும் ஒளிப்பாதை 2 × 2.4 × 46, அதாவது ஏறக்குறைய 220 நானோமீட்டர். இது 440 நானோமீட்டரின் பாதி. 440 என்பது ஊதா கலந்த நீல ஒளியின் அலைநீளம். வெள்ளொளியிலிருந்து அந்த நீலம் கழிந்துவிட்டால் மிஞ்சுவது மஞ்சள். படலம் 70 நானோமீட்டராக வளர்ந்தால் ஒளிப்பாதை 336 நானோமீட்டராகும். இப்போது அழிவது 670 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு. ஊசி நீலமாகத் தெரிகிறது. ஒரு படலத்தின் தடிமனை வெறுங்கண்ணாலேயே நானோமீட்டர் கணக்கில் அளந்து விட்டீர்கள்!

இந்த ஊசிக்கும், அமெரிக்காவில் பழந்துப்பாக்கி விற்பனையில் நடக்கும் மோசடிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

தபால்தலை சேகரிப்பவர்கள் இருப்பது போலவே, அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் பெருந்தொகையினர். அந்நாட்டு மத்தியச் சட்டத்தின்படி 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள். இன்றைய துப்பாக்கிகளுக்கு உள்ள கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை அதற்கு இல்லை. ஆகவே இணைய ஏலத்தில் படத்தைப் பார்த்து வாங்கி, தபாலில் பெற்றுக் கொள்வது அங்கே எளிது. விலையும் சாதாரணமானதன்று. 1847-இல் கோல்ட் நிறுவனம் செய்த வாக்கர் வகைச் சுழல்துப்பாக்கிகள் சுமார் 1,100 மட்டுமே. அவற்றுள் பெட்டியுடன் பிழைத்த ஒன்று 2018-இல் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்ட துப்பாக்கி 2021-இல் 60 லட்சம் டாலருக்கும் மேலே விலை போனது.

இவையெல்லாம் உச்சிக் கிளைகள். பொதுவாகக் கைமாறுபவை, 1873 முதல் அமெரிக்கப் படைக்காகக் கோல்ட் செய்த ஒற்றைச்செயல் சுழல்துப்பாக்கி, அதே ஆண்டில் வந்த வின்செஸ்டர் ரைஃபிள் போன்றவை. இவற்றின் விலையை முடிவு செய்வதில் பெரும்பங்கு மேற்பூச்சுக்கு உரியது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த நீலம் பாதியாவது மிஞ்சியிருக்கும் துப்பாக்கிக்கு ஒரு விலை. முழுவதும் தேய்ந்து பழுப்பேறிய துப்பாக்கிக்கு அதில் ஒரு சிறு பங்கு. அப்படியானால், பழுப்பேறிய ஒன்றை வாங்கி, தேய்த்து, புதிதாக நீலமேற்றி, ‘தொழிற்சாலை நீலம் அப்படியே இருக்கிறது’ என்று விற்றால் என்ன? பலர் அதைத்தான் செய்கிறார்கள். புதுப்பிப்பது குற்றம் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுப்பித்ததைப் புதுப்பித்தது என்று சொல்லி விற்கும் நேர்மையான கைவினைஞர்கள் அங்கே நிறைய உண்டு. சொல்லாமல் விடுவதே மோசடி.

நீலத்திலும் பல சாதி

கோல்ட் தொழிற்சாலை ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்தது. அங்கே ஒரே துப்பாக்கியில் மூன்று விதமான நிறங்களை உண்டாக்கினார்கள். சிறிய திருகாணிகளுக்கு நம் ஊசிக்கு வந்தது போன்ற சூட்டு நீலம். குழாய்க்கும் உருளைக்கும் அதைவிடத் தடித்த கருநீலம். இதில் நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் குறுக்கீடு அன்று. மாக்னடைட் எனப்படும் கறுப்பு இரும்பு ஆக்சைடே ஒளியை விழுங்கிவிடுகிறது. நடுச்சட்டத்துக்கு வந்ததுதான் விந்தையான நிறம். நீலம், பழுப்பு, சாம்பல், வைக்கோல் மஞ்சள் எல்லாம் மேகம் போலக் கலந்து கிடக்கும்.

அந்த மேக நிறம் அழகுக்காக மட்டும் வந்ததன்று. மென்மையான இரும்பின் மேற்பரப்பை மட்டும் கடினமாக்க, அதை எலும்புக் கரியும் மரக்கரியும் நிரம்பிய பெட்டியில் புதைத்துச் செஞ்சூட்டில் வைத்தார்கள். கரியிலுள்ள கார்பன் அணுக்கள் இரும்பின் மேல்தோலுக்குள் ஊடுருவின. பிறகு பெட்டியோடு தண்ணீரில் கவிழ்த்தார்கள். மேல்தோல் கண்ணாடி போல் கடினமாயிற்று. உள்ளே இரும்பு வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருந்தது. தண்ணீரில் விழும் அந்த நொடியில் குளிர்ச்சியும் ஆக்சிஜனும் ஓர் இடத்தில் அதிகமாகவும் ஓர் இடத்தில் குறைவாகவும் கிடைப்பதால், படலத்தின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியது. அதனால்தான் மேகம். ஒன்றைப் போல் இன்னொன்று இராது.

இந்த மெல்லிய படலம் வெயிலுக்கும் கைபடுதலுக்கும் தாங்காது. நாளடைவில் வெள்ளி போன்ற சாம்பல் நிறமாக மங்கும். ஆனால் எங்கும் ஒரே அளவில் மங்காது. கைப்பிடி மரத்துக்கு அடியிலும், உருளை மறைக்கும் மூலைகளிலும் நூறாண்டு கழித்தும் நிறம் பளிச்சென்று இருக்கும். ஆகவே, எங்கே தேய வேண்டுமோ அங்கே தேய்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. உறையில் செருகி எடுக்கும் துப்பாக்கியில் குழாயின் நுனி விளிம்பும் உருளையின் விளிம்பும் முதலில் வெளுக்கும். அந்த இடங்களில் கருநீலம் முழுமையாக இருந்து, கைப்பிடி மரம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், அந்த இரண்டு பகுதிகளும் ஒரே வாழ்க்கையை வாழ்ந்தவை அல்ல.

போலி செய்பவர் நடுச்சட்டத்தை ஊது சுடரால் அங்கங்கே சுட்டும், அமிலம் தொட்டும் மேக நிறம் வரவழைப்பார். சுடர் போன வழியிலேயே பட்டைகள் விழும். அரத்தால் மறைவான இடத்தில் தொட்டுப் பார்த்தால் மேல்தோல் கடினமாக இருக்காது. நிறம் வந்ததே தவிர, கார்பன் போகவில்லை.

குழாயின் நீலத்திலும் காலக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. பழைய இரட்டைக் குழாய்த் துப்பாக்கிகளுக்குத் ‘துரு நீலம்’ என்ற முறை இருந்தது. இரும்பை வேண்டுமென்றே மெல்லத் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் போடுவார்கள். சிவப்புத் துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். தளர்ந்த பொடியைத் துடைத்துவிட்டு மறுபடி துரு, மறுபடி கொதிநீர் என்று பல நாள் வேலை. கிடைப்பது பட்டு போன்ற மென்மையான கறுப்பு. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த நீரை 140 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதில் துப்பாக்கியை அரை மணி நேரம் மூழ்கவைத்துப் பளபளக்கும் கருநீலம் பெறும் எளிய முறை, 1930-களின் பிற்பகுதியிலும் 1940-களிலும்தான் தொழிற்சாலைகளில் பரவியது. 1880-இல் செய்த துப்பாக்கி எண்ணெய் பூசினாற் போன்ற கரிய பளபளப்போடு வந்து நின்றால், அது ‘பிறந்த நாள் சட்டை’ அணியவில்லை என்று தெரிந்து கொள்ளலாம். இதில் ஆபத்தும் உண்டு. இரண்டு குழாய்களையும் இணைப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. காரக் கரைசல் அந்தப் பற்றாசை அரித்துவிடும். அழகாக்கப் போய், குழாய்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும்.

தேய்ப்புச் சக்கரம் விட்டுச் செல்லும் தடயம்

நீலமேற்றும் முன் பழைய துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். பெரும்பாலான போலிகள் அகப்படுவது இந்த இடத்தில்தான். நீலத்தைத் திருப்பிக் கொண்டு வரலாம். தேய்ந்துபோன இரும்பைக் கொண்டு வர முடியாது.

துணியாலோ கம்பளியாலோ ஆன மெத்தென்ற சக்கரம் வேகமாகச் சுழன்று இரும்பின் மேல் ஓடும்போது, சமதளத்தில் சீராகத் தேய்க்கும். ஒரு திருகாணித் துளையைக் கடக்கும்போது சக்கரம் சற்றே துளைக்குள் பிதுங்கும். பிதுங்கிய பகுதி துளையின் விளிம்பை அதிகமாகத் தேய்த்து, அங்கே ஒரு சிறு குழிவை உண்டாக்கும். கூரான விளிம்புகள் எல்லாம் சவர்க்காரக் கட்டியின் மூலைகள் போல் உருண்டுவிடும். எழுத்துகளும் அப்படியே. எஃகில் எழுத்தை அடித்துப் பதிக்கும்போது, அங்கிருந்த உலோகம் மறைந்து போவதில்லை. பக்கவாட்டில் தள்ளப்பட்டு, எழுத்தைச் சுற்றி மெல்லிய வரம்பாக எழும்புகிறது. வயலில் வாய்க்கால் வெட்டினால் கரை எழும்புவது போல! மெருகேற்றிய பின் பதித்த பழைய எழுத்துகளில் அந்த வரம்பை விரல் நுனியாலேயே உணர முடியும். பிறகு தேய்த்தால் வரம்பு போய்விடும். ஆழம் குறைந்த கோடுகள் பாதி மறைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட வெளிப்படையான சாட்சி, துருக்குழிக்குள் இருக்கும் நீலம். துரு தின்ற குழி, நீலம் போன பின் ஏற்பட்டது. அந்தக் குழியின் அடியிலும் நீலம் பளிச்சென்று இருந்தால், எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தவிர்க்கச் சிலர் குழிகளைப் பற்றவைப்பால் நிரப்புகிறார்கள். ஆனால் பற்றவைப்புக் கம்பியின் எஃகு வேறு கலவை. அதே கரைசலில் அது வேறு நிறம் கொள்ளும். வெட்டிச் சிறிதாக்கப்பட்ட குழாயை ஒட்டி மறுபடி நீளமாக்கியவர்களையும் இப்படியொரு மங்கிய வளையக் கோடு காட்டிக் கொடுத்திருக்கிறது.

அழித்த எண் திரும்பி வருகிறது

இன்னும் பெரிய மோசடி, எண்ணை மாற்றுவது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. கோல்ட் நிறுவனத்தின் பழைய ஏடுகளிலிருந்தும், வின்செஸ்டர் ஏடுகளை வைத்திருக்கும் வயோமிங் மாநிலத்துக் கோடி துப்பாக்கி அருங்காட்சியகத்திலிருந்தும், ஓர் எண்ணுக்குரிய துப்பாக்கி எந்த நாளில், எந்தப் பூச்சுடன் அனுப்பப்பட்டது என்று கடிதம் பெறலாம். எனவே, மதிப்புமிக்க ஓர் எண்ணை மதிப்பில்லாத துப்பாக்கியில் பதித்துவிட்டால், கடிதமே பொய்க்குச் சாட்சியாகிவிடும். 1876 ஜூன் மாதம் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அழிந்த ஏழாம் குதிரைப் படைப் பிரிவின் துப்பாக்கி என்று சொல்லிக் கொள்ளும் ஆசைக்கு அளவில்லை. படைக்கு வாங்கிய துப்பாக்கிகளில் பரிசோதகரின் பெயரெழுத்துகள் பதிக்கப்பட்டன. போலி முத்திரைகளும் அவற்றைத் தேடிப் பிடித்துப் பின்பற்றுகின்றன.

இங்கே இயற்பியல் உதவிக்கு வருகிறது. எண்ணை அடித்துப் பதிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் எஃகின் படிகங்கள் நசுங்கி உருமாறுகின்றன. அரத்தால் எண்ணை முழுவதும் அழித்த பின்னும் நசுங்கிய அந்த அடிப்பகுதி அப்படியே இருக்கும். நசுங்கிய படிகங்களில் ஆற்றல் தேங்கியிருப்பதால், தகுந்த அமிலக் கரைசல் பட்டால் மற்றப் பகுதியைவிட வேகமாக அரிபடும். வழவழப்பான இரும்பிலிருந்து பழைய எண் மங்கலாக எழுந்து வருவதைத் தடயவியல் ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். ஆனால் அமிலம் பட்ட இடத்தின் பூச்சு பாழாகும் என்பதால், அருங்காட்சியகங்கள் கடைசி வழியாகவே இதை நாடுகின்றன. பூச்சுக்குச் சேதமில்லாமல் எக்ஸ் கதிர் வீசி, எந்தத் தனிமம் இருக்கிறது என்று அறியும் கருவிகள் இப்போது கையடக்கமாகவே வந்துவிட்டன.

படம் காட்டாதது

கையில் துப்பாக்கி இருந்தால் இவ்வளவும் செய்யலாம். இணையத்தில் வாங்குபவரின் கையில் இருப்பதோ வெறும் படம். 33 சென்டிமீட்டர் நீளமுள்ள சுழல்துப்பாக்கியைப் படத்தில் 1,650 புள்ளிகளில் காட்டுகிறார்கள் என்று கொள்வோம். ஒரு புள்ளிக்கு 0.2 மில்லிமீட்டர். தேய்ப்புக் கோடுகளோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் இருப்பவை. அவை அந்தப் படத்தில் தெரிய வழியே இல்லை!

எனக்கே ஒரு முறை இது நேர்ந்தது. இணையத்தில் படம் பார்த்து, முட்கள் நீலமாக மின்னும் பழைய சுவிஸ் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கினேன். கடிகார முட்களும் நம் ஊசி போலச் சூட்டில் நீலமாக்கப்படுபவைதாம். உண்மையான சூட்டு நீலம் சாய்த்துப் பார்த்தால் ஒரு கோணத்தில் பளீரென்றும், வேறொரு கோணத்தில் ஏறக்குறையக் கறுப்பாகவும் தெரியும். என் கடிகாரத்தின் முள் எப்படித் திருப்பினாலும் ஒரே நீலம். கல்லூரி ஆய்வகத்து நுண்ணோக்கியில் வைத்தபோது, முள்ளின் ஓரத்தில் வண்ணம் வழிந்து உறைந்திருப்பதைக் கண்டேன். இருபது ஆண்டுகளாகக் குறுக்கீட்டு விளைவு நடத்துபவனுக்கு, வாங்கும் முன் இன்னொரு கோணத்தில் படம் கேட்கத் தோன்றவில்லை!

ஆகவே, அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் விற்பவரிடம் மூன்று படங்களையாவது தனியே கேட்கிறார்கள். திருகாணித் துளைகளுக்கு மிக அருகில் ஒன்று. எழுத்துகளின் மேல் ஒளி பக்கவாட்டில், மிகத் தாழ்வாக விழும்படி ஒன்று. மாலை வெயிலில் தரையின் சிறு மேடுபள்ளம்கூட நீண்ட நிழல் விடுமல்லவா, அதே தந்திரம். குழல்விளக்கின் பிம்பம் குழாயின் தட்டையான பக்கத்தில் விழும்படி மூன்றாவது. தளம் சமமாக இருந்தால் பிம்பம் நேர்க்கோடு. மெத்தைச் சக்கரம் பட்டிருந்தால் அது பாம்பு போல் நெளியும். படம் தர மறுப்பவரிடம் வாங்குவதில்லை.

பணம் மட்டுமே இதில் போவதாக எண்ண வேண்டாம். பழைய துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கும் வழக்கமும் அங்கே உண்டு. எஃகுக்குக் கொடுத்த பதம் சூட்டினால் மாறும் என்பதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் படையின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்கள் சில, 1917-இல் சுடும்போது உடைந்து சிதறின. காரணம் தேடியபோது, உலையின் சூட்டைத் தொழிலாளர்கள் கண்ணால் பார்த்தே கணித்து வந்தது தெரிந்தது. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் பழுக்கக் காய்ந்த இரும்பு மங்கலாகத் தெரியும். இன்னும் காய வேண்டும் என்று எண்ணி விட்டுவிடுவார்கள். மேகமூட்டமான நாளோடு ஒப்பிட்டால் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 165 டிகிரி செல்சியசுக்கும் மேல், சூடு அதிகமாகியிருந்தது! எஃகு கருகி நொறுங்கும் தன்மையடைந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் 8 லட்சத்துக்குக் குறைந்த எண்ணுள்ளவற்றை இன்றும் சுட வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். தேர்ந்த தொழிற்சாலையிலேயே இப்படியென்றால், கொட்டகையில் ஊது சுடரை வைத்துக் கொண்டு மேக நிறம் வரவழைப்பவர் எந்த வெப்பமானியைப் பார்த்திருப்பார்? வாங்கியவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கப்போவது அந்த இரும்புதான்.

மெத்தைச் சக்கரத்தின் வேலையை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே அளவில் துளையிட்ட இரண்டு அலுமினியத் தகடுகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றை, மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்யுங்கள். மற்றொன்றை, மடித்த துணியின் மேல் சுற்றிய உப்புத்தாளால் அதே நேரம் தேய்யுங்கள். இரண்டையும் பற்பசையால் மெருகேற்றி, குழல்விளக்கின் கீழே சாய்த்துப் பிடியுங்கள். முதல் தகட்டில் விளக்கின் கோடு துளையின் ஓரம் வரை நேராகவே வரும். இரண்டாவதில், துளையை நெருங்கும்போது அது வளைந்து உள்ளே இறங்கும்.